எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்: மெய்நிகர் உலகு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மாசி மாதத்துப் பனி தேயிலை மலைகளின்மீது இறங்கிவரும் இரவுகளில், ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்கள் பலவற்றிலே தப்பின் ஓசை கேட்கும். அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றப்பட்டதும் காமன் கூத்துத் தொடங்கிவிடும். இறுதி இரவில், சிவனது தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதன் நெற்றிக்கண்ணின் தீக்கு இரையாவான். இரதி புலம்புவாள். இரதி வேடம் பூண்டவர் ஓர் ஆடவர் என்பதும், சென்ற வாரம்வரை கவ்வாத்துக் கத்தியுடன் மலையேறியவர் அவர் என்பதும் கூடியிருக்கும் பெண்கள் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அவர்கள் அழுவர். அழுதவர்கள் மறுநாட் காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வழக்கம்போல மலைக்குச் செல்வர்.

இக்கண்ணீர் மெய்யா, பொய்யா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, கலையையும் மெய்யியலையும் ஒருசேரத் தொடும் வினாவாகும். தஞ்சைப் பகுதி ஊர்களிலே காமன் பண்டிகையையொட்டி நிகழும் இலாவணி அரங்கில் இது வேறொரு வடிவிற் கிளம்புகிறது. அங்கே பாடுவோர் இரு பிரிவினராக நிற்பர். மன்மதன் எரிந்தான் என்று சாதிப்போர் எரிந்த கட்சியினர்; எரியவில்லை என்று சாதிப்போர் எரியாத கட்சியினர். பாட்டாலும் புராணச் சான்றாலும் நகையாலும் வசையாலும் விடியும்வரை ஒருவரையொருவர் மடக்குவர். இருசாராரும் கேட்ட கதை ஒன்று; கண்ட தீயும் ஒன்று. முடிபுகள் மட்டும் இரண்டு.

இற்றைக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னர் யப்பானில் வெளியான ஓர் அசைவோவியத் தொடரும் தன் காண்போரை இவ்வாறே இரு கட்சிகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. ‘சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெயின்’ என்பது அத்தொடரின் பெயர். உடலற்ற உலகொன்றினுள் மனிதன் புகுவது பேறா, இழப்பா என்பதே அதன்மீதான வழக்கு. இவ்வழக்கைத் தோக்கியோவிலிருந்து நோக்குவதற்கும் தேயிலைத் தோட்டத்து லயமொன்றின் இஸ்தோப்பிலிருந்து நோக்குவதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு யாது என ஆராய்வதும், தோற்ற உலகை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் ஒன்றைத் தேடுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரும் காண்போரும்

1998 ஆம் ஆண்டு யூலை முதல் செப்டெம்பர் வரை யப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இத்தொடர் 13 பகுதிகளைக் கொண்டது. ர்யூட்டாரோ நாகமுரா இதனை இயக்கினார். சியாக்கி கொனாக்கா கதையை எழுதினார். இணையம் உலகின் பெரும்பாலான வீடுகளை எட்டியிராத காலம் அது. கதைத்தலைவி லெயின் என்பவள் அதிகம் பேசாத, தோழமை குறைந்த ஒரு பாடசாலை மாணவி. இறந்துபோன மாணவியொருத்தியிடமிருந்து கடிதமொன்று கணினி வழியாக அவளுக்கு வருகிறது. தான் துறந்தது உடலை மட்டுமே என்றும், ‘வயர்ட்’ எனப்படும் வலையுலகில் தான் இருப்பதாகவும் அக்கடிதம் தெரிவிக்கிறது. லெயின் அவ்வுலகினுள் மெல்ல மெல்ல நுழைகிறாள். அங்கே அவளைப் போன்ற, ஆனால் அவளைவிடத் துணிச்சலும் கொடுமையும் மிக்க இன்னொரு லெயின் ஏலவே உலவுகின்றாள். எது தான், எது தன் நிழல் என்பது அவளுக்கே விளங்காமற் போகிறது. தன்னை அவ்வுலகின் கடவுளென அறிவித்துக்கொள்ளும் ஒருவன், உடல் என்பது இனித் தேவையற்றது எனப் போதிக்கின்றான்.

இருண்ட வண்ணங்கள், நீண்ட மௌனங்கள், மின்கம்பிகளின் இரைச்சல், விடையின்றி விடப்படும் வினாக்கள் ஆகியவற்றாலான இத்தொடரை முழுதும் விளங்கிக்கொண்டோம் என்பார் மிகச் சிலரே. அதனாற்போலும் அதுபற்றிய கருத்துகள் பலவாகக் கிளைத்துள்ளன. ஒருசாரார் இதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்வர். வலையுலகினுள் ஆழ்ந்த மனிதன் முதலில் உறக்கத்தை இழக்கின்றான். பின்னர் குடும்பத்தை இழக்கின்றான். ஈற்றில் தன்னையே இழக்கின்றான் என்பதே தொடரின் செய்தி என்பது அவர் துணிபு. இவர்களை எரிந்த கட்சியினர் எனலாம். மறுசாரார், மனிதன் என்பவன் தசையும் எலும்பும் மட்டும் அல்லன், பிறர் உள்ளங்களில் விரிந்து வாழும் ஒரு நினைவே அவன் என்பதைத் தொடர் நிறுவுவதாகக் கூறுவர். உடல் அழியினும் ஆள் அழியான் என்னும் இவர்கள் எரியாத கட்சியினராவர். இவ்விரு கட்சியிலும் சேராத மூன்றாஞ் சாராரும் உளர். தெளிவின்மையையே ஆழம் என மயங்குதல் ஆகாது. சொல்வதற்குப் பொருளிருப்பின் தெளிவாகச் சொல்லியிருக்கலாமே என்பது இவர்களது முறைப்பாடு.

மூன்றாஞ் சாராரின் முறைப்பாடு முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. தொடரில் வேண்டுமென்றே புகுத்தப்பட்ட இருட்டும் உண்டு. எனினும் தன்னையே யாரென்று அறியாத சிறுமியொருத்தியின் கதையைத் தெளிந்த பகலொளியிற் சொல்லுதல் இயலாது. அவளுடைய குழப்பம் காண்போனுடைய குழப்பமாக மாறும்போதே அக்கதை நிகழ்கிறது. கூத்தன் உற்ற உணர்வு காண்போனிடத்தும் சென்று சேர்வதையே மெய்ப்பாடு என்று பழந்தமிழ் உரையாசிரியர் விளக்கினர். அவ்வகையில் நோக்கின், இத்தொடரின் இருட்டும் ஒரு மெய்ப்பாட்டு உத்தியே எனலாம்.

முதலிரு கட்சியினரின் வழக்கே ஈண்டு விரிவாக நோக்கற்பாலது. அதற்கு மலையகத்தின் வரலாறு சில சான்றுகளை வைத்திருக்கிறது. தோற்ற உலகொன்றினுள் ஒரு மக்கட்கூட்டம் புகுத்தப்படுதல் என்பது அங்கே கணினியோடு தொடங்கியதன்று.

சொல்லால் ஆகிய உலகம்

தென்னிந்தியாவின் வரண்ட ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டபோது, கங்காணிமார் அவர்களுக்குக் காட்டிய கண்டிச் சீமை ஒன்று உண்டு. அங்கே செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்னும் கதை மலையகத்தில் இன்றும் கசப்பான நகைச்சுவையாக வழங்குகிறது. பசித்தவன் கண்முன் சொல்லால் எழுப்பப்பட்ட அவ்வுலகம் ஒரு முழுமையான மெய்நிகர் உலகமே. அதனை நம்பியோர் கடல் கடந்தனர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாக நடந்தனர். கொள்ளைநோய்க்கும் பசிக்கும் பலர் அவ்வழியிலேயே பலியாயினர். உயிர் தப்பி வந்தோர் கண்டது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான லயத்து அறை.

கங்காணி காட்டிய உலகும் கூத்தன் காட்டும் உலகும் இரண்டுமே இல்லாத உலகங்கள். எனினும் இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. ஏன் தகாது என்பதை ஆராய்ந்தால் தோற்ற உலகுக்குரிய முதலாவது அறவியல் அளவுகோல் புலப்படும்.

கூத்தன் தான் கூத்தன் என்பதை மறைப்பதில்லை. அவனது முகத்து அரிதாரமே அதற்குச் சாட்சி. மன்மதன் வேடமிட்டவர் இன்னார் மகன் என்பதும், அவர் எந்த லயத்தவர் என்பதும் கூட்டம் அறியும். அறிந்துகொண்டே புகுவதனால், வேண்டும்போது அவ்வுலகிலிருந்து வெளியேறவும் அவர்களால் இயலும். கங்காணியின் உலகமோ தான் தோற்றம் என்பதை மறைத்த தோற்றம். உள்ளே புகுந்தவனுக்கு வெளியேறும் வழியை அடைத்த தோற்றம். வழிச்செலவு என்றும் முற்பணம் என்றும் கடன் ஏறிய பின்னர், பொய்யெனத் தெரிந்தும் அவன் திரும்ப முடியவில்லை. ஆகவே பொய்ம்மை என்பது இல்லாததைக் காட்டுவதில் இல்லை. இல்லாததை உள்ளதெனச் சாதித்து, திரும்பும் கதவையும் பூட்டிவிடுவதிலேயே உள்ளது.

இந்த அளவுகோலைத் தொடருக்கும் பொருத்திப் பார்க்கலாம். ‘வயர்ட்’ உலகின் கடவுளெனத் தன்னைச் சொல்லிக்கொள்பவன் லெயினை மயக்குவது கங்காணியின் மொழியிலேயே ஆகும். இங்கே வந்தால் பசியில்லை, பிணியில்லை, தனிமையில்லை என்கிறான். அந்த உலகம் தன் கைவேலை என்பதையும், அங்கே தனக்கு வேண்டுவது தொழுவாரே என்பதையும் அவன் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தக் காட்சியைத் தொழில்நுட்பத்தின் புதுமையாகவே உலகின் ஏனைய காண்போர் பார்த்திருத்தல் கூடும். தேங்காயும் மாசியும் பற்றிய கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அது பழைய குரலாகவே கேட்கும்.

ஏட்டில் எரிந்தவர்கள்

தோற்ற உலகம் என்றவுடன் கதையும் கனவும் திரையுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மனிதரின் வாழ்வை மிக இறுக்கமாக ஆளும் தோற்ற உலகம் ஏடுகளால் ஆனது. தோட்டத்து வாழ்வில் இதனைக் குழந்தையும் அறியும். ஒரு நாளின் உழைப்பு அங்கே ‘பேர்’ என்னும் சொல்லால் வழங்கப்படுகிறது. குறித்த நிறைக் கொழுந்தைப் பறித்தவளுக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அட்டை கடித்த கால்களுடன் காலை முதல் மாலைவரை மழையில் நின்றது முழு உடல்; ஆனால் ஏட்டில் ஏறியது அரைப் பெயர். உடல் ஒரு கணக்கு, ஏடு வேறொரு கணக்கு. இரண்டும் மாறுபடும்போது வெல்வது ஏடே.

இவ்வேறுபாடு ஒரு சமுதாயம் முழுவதன்மீதும் விழுந்தது 1948 ஆம் ஆண்டில். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியில் வென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களைத் தெரிவுசெய்த மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது, கொழுந்து பறிக்கும் கைகள் அங்கேயே இருந்தன. வாக்களித்த பெயர்கள் இல்லை. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவுசெய்யப்படும் என விடப்பட்டது. 1974 இல் அவர்கள் இரு நாடுகளுக்கும் சமபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றவர் நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு லெயினின் முடிவை நோக்கவேண்டும். இரு உலகங்களும் ஒன்றையொன்று குழப்பித் தன் தோழி ஆரிசுவுக்குப் பெருந்துன்பம் விளைந்ததைக் கண்ட லெயின், எல்லோருடைய நினைவிலிருந்தும் தன்னை அழித்துவிடுகிறாள். பெற்றோர், தோழியர் எவருக்கும் அவள் ஒருபோதும் இருந்ததாக நினைவில்லை. நினைவில் இல்லாதது இருந்ததே இல்லை என்பது தொடரின் தருக்கம். காண்போர் பலர் இதனை உன்னதமான தியாகம் எனப் போற்றுவர். அக்காட்சியின் அழகில் ஈடுபட்டு நிற்பர்.

இவ்விடத்தில் மலையகம் ஒரு மறுப்பை முன்வைக்கக் கடமைப்பட்டுள்ளது. பெயர் அழிந்துபோதல் அழகன்று. பதிவேட்டிலும் பிறர் நினைவிலும் இல்லாதவர் இல்லாதவரே என்னும் தருக்கம், சட்டமாக வந்தபோது அது எத்தகையது என்பதை அம்மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக உடலால் அறிந்தவர்கள். அவர்கள் இல்லாதவர்களாக ஏடு கூறிய ஆண்டுகளிலும் பிள்ளைகள் பிறந்தனர், முதியோர் இறந்தனர், மலைகளில் தேயிலை தளிர்த்தது, அத்தேயிலை கப்பலேறியது. இருப்பு என்பது ஏற்பினால் உண்டாவதன்று. ஏற்பை வேண்டி நிற்கும் உரிமையே இருப்பிலிருந்து பிறக்கிறது. லெயின் தன்னைத் தானே அழித்துக்கொண்டாள். ஆகவே அது தியாகமாகலாம். பிறர் கையால் அழிக்கப்பட்டோருக்கு அச்சொல் பொருந்தாது. தானே வேண்டித் துறப்பதற்கும் பிறர் பறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருதாது, மறைந்துபோதலின் அழகை மட்டும் போற்றும் எரியாத கட்சியினரின் வாதம் இங்கே தளர்கிறது.

பத்தடி அறையும் எல்லையற்ற வெளியும்

அவ்வாறாயின் எரிந்த கட்சியினரின் வாதமே வென்றதா? உடலும் மண்ணும் மட்டுமே மெய், திரையுலகம் வெறும் தப்பியோட்டம் என்று முடித்துவிடலாமா? அதுவும் அத்துணை எளிதன்று.

அமெரிக்க மெய்யியலாளர் றொபேட் நோசிக் 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் ஒரு கற்பனையை முன்வைத்தார். விரும்பும் அனுபவம் எதனையும் மூளையிலே தோற்றுவிக்கவல்ல இயந்திரம் ஒன்று உண்டெனக் கொள்வோம். வாழ்நாள் முழுதும் அதனுடன் பிணைந்து கிடக்க ஒருவர் சம்மதிப்பாரா? சம்மதிக்கமாட்டார் என்பதே நோசிக்கின் எதிர்பார்ப்பு. இன்பம் மட்டும் மனிதனுக்குப் போதாது. அவன் உண்மையிலேயே சிலவற்றைச் செய்ய விரும்புகிறான், உண்மையிலேயே ஒருவனாக இருக்க விரும்புகிறான் என்பது அவர் காட்டும் காரணம்.

காரணம் வலிமையுடையதே. ஆயினும் இயந்திரத்துக்கு வெளியே ஒருவனுக்குக் காத்திருக்கும் வாழ்வு எத்தகையது என்னும் வினா அதில் எழுப்பப்படவில்லை. தனக்கென அறையும் கதவும் நூலகமும் உடையவன் மறுப்பதற்கும், ஒரே அறையில் சமையலும் உறக்கமும் நோயும் பிரசவமும் படிப்பும் நிகழக் கண்டவன் மறுப்பதற்கும் விலை ஒன்றன்று. லயத்து அறையில் தனிமை என்பது இல்லை. அடுத்த காம்பராவின் இருமலும் சண்டையும் சுவரைக் கடந்து வரும். அத்தகைய வீட்டில் வளரும் ஓர் இளம்பெண்ணின் கையிலுள்ள சிறு திரையே அவள் வாழ்வில் முதன்முதலாகத் தாழிட்டுக்கொள்ளக் கிடைத்த அறை. அதனுள் அவள் ‘தோட்டத்துப் பிள்ளை’ அல்லள். தான் தெரிந்துகொண்ட பெயரையுடைய ஒருத்தி. தொடரில் வரும் லெயினும் வீட்டில் எவரும் முகம்கொடுத்துப் பேசாத பெண்ணே என்பதை மறத்தலாகாது. அவள் கணினியிடம் சென்றது உலகை வெறுத்தன்று. தன்னிடம் பேசும் உலகு ஒன்றைத் தேடியே.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை மற்றொரு வகையில் வெளிப்பட்டது. பாடங்கள் இணையத்துக்கு மாறின. நகரத்து மாணவர் வீட்டின் உள்ளிருந்தே கற்றனர். மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் ‘சிக்னல்’ தேடிக் குன்றின் உச்சிக்கும் பாறை முகட்டுக்கும் ஏறினர். ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. அதனை மூன்று பிள்ளைகள் பங்கிட்டனர். உடலற்ற உலகம் எனப் புகழப்படும் அவ்வுலகின் வாயிலை அடைவதற்கு வழுக்கும் மலைப்பாதையில் உடலாலேயே ஏறவேண்டியிருந்தது. மெய்நிகர் உலகு மெய்யுலகின் ஏற்றத்தாழ்வைக் கரைத்துவிடவில்லை. அதனை இன்னும் உயரமான இடத்திற் கொண்டுபோய் வைத்தது. எனினும் அப்பிள்ளைகள் ஏறியது தப்பியோடுவதற்கன்று, கற்பதற்கு என்பதையும் எரிந்த கட்சியினர் கணக்கிற் கொள்ளவேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கூத்தும் திரையும் துன்பத்தை ஒரு பொழுது மறக்கச் செய்து, துன்பத்தின் காரணங்களை எதிர்க்கும் ஆற்றலையே மழுங்கச் செய்கின்றன அல்லவா என்பதே அது. இரவெல்லாம் இரதிக்காக அழுதவர்கள் காலையில் தம் அரைப்பேருக்காக ஏன் அழவில்லை என முற்போக்குச் சிந்தனையாளர் வினவுதல் நியாயமே. ஆயின், அழக் கற்றுக்கொண்ட உள்ளமே நியாயம் கேட்கவும் கற்கும். தேவர்களின் தேவைக்காக ஏவப்பட்டு, ஏவியோர் ஒதுங்கிநிற்கத் தான் மட்டும் எரிந்த ஒருவனின் கதையை, பிறர் தேவைக்காகக் கடல் கடத்தப்பட்ட மக்கள் ஆண்டுதோறும் ஆடிவந்தனர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தம் கதையை நேரே சொல்ல இயலாத காலத்தில் அதனைச் சொல்வதற்குக் கிடைத்த மொழி அது என்று கொள்வதற்கும் இடமுண்டு.

விளக்கும் விடியலும்

தோற்றத்துக்கும் மெய்ம்மைக்கும் இடையிலான இவ்வழக்கு இந்திய மெய்யியலுக்குப் புதிதன்று. அரையிருளிற் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றுவதை எடுத்துக்காட்டி, அறியாமை நீங்கியதும் தோற்றமும் நீங்கும் என்றது அத்வைதம். சைவசித்தாந்திகளோ மாயையை வெறும் பொய்த்தோற்றம் எனக் கொள்ளவில்லை. அது உள்பொருள், உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்பொருளையும் தருவது. ஆணவ இருளில் அழுந்திய உயிருக்கு மாயை விடியும்வரை எரியும் விளக்கைப் போன்றது என்பது அவர்தம் உவமை. விளக்கு கதிரவன் அன்று. ஆயினும் பொய்யும் அன்று. விடிந்த பின்னும் விளக்கையே கட்டிக்கொண்டிருப்பவன் பேதை. விடியுமுன்னர் அதனை ஊதி அணைப்பவனும் பேதையே.

சித்தாந்திகள் உயிரின் பக்குவத்தைக் குறித்துச் சொன்ன இவ்வுவமையை மனிதன் சமைக்கும் தோற்ற உலகங்களுக்கும் ஓரளவு பொருத்தலாம். கூத்தாயினும் திரையாயினும் வலையாயினும், அது இருளில் வழிகாட்டும் விளக்காகப் பயன்படுகின்றதா, அன்றி விடியலை மறக்கச் செய்கின்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. முதலாவது அளவுகோல் தோற்றம் தன்னைத் தோற்றமென ஒப்புக்கொள்கின்றதா என்பது. இரண்டாவது அளவுகோல், அது தன்னுள் வந்தவரை எங்கே திருப்பி அனுப்புகின்றது என்பதாகும்.

மெய் என்னும் சொல்

தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். உண்மைக்கும் உடலுக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி, உடலை விட்டு விலகிய உண்மையை எளிதில் நம்பாது எனலாம். தொடரின் பன்னிரண்டாம் பகுதியில் வரும் காட்சியொன்று இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. உடல் தேவையற்றது என நம்பிவிட்ட லெயினிடம் ஆரிசு வருகிறாள். நீண்ட வாதம் எதனையும் அவள் எடுத்துரைப்பதில்லை. லெயினின் கையைப் பற்றித் தன் நெஞ்சின்மீது வைக்கிறாள். நெஞ்சு துடிக்கிறது. அச்சத்தினால் துடிக்கிறது என்கிறாள். அந்தத் துடிப்பின் முன் உடலை மறுக்கும் போதனைகள் நிலைகுலைகின்றன. மெய்யை மெய்யால் அறிந்த கணம் அது.

காமன் கதையின் முடிவும் இதனையே வேறு வழியிற் சொல்கிறது. இரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன் மன்மதனை மீண்டும் எழுப்புகிறான். ஆயினும் உலகத்தார் கண்ணுக்கு அவன் அனங்கன், அதாவது உடலற்றவன். இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன். எரிந்த கட்சியினர் கூறுவதும் சரி, எரியாத கட்சியினர் கூறுவதும் சரி என்றாகிறது. உலகுக்கு அவன் எரிந்தான். அவனுக்காக அழுதவளுக்கு அவன் எரியவில்லை. தொடரின் இறுதியிலும் லெயினை எல்லோரும் மறந்தனர். வளர்ந்து பெரியவளான ஆரிசு மட்டும் அவளை எங்கோ கண்டதுபோல ஒரு கணம் நின்று நோக்குகிறாள். உடலற்றது எதுவும் தானாக நிலைபெறுவதில்லை. அதனைத் தன் உடலிலே, தன் கண்ணீரிலே, தன் நெஞ்சத் துடிப்பிலே ஏந்துவதற்கு ஒருவர் வேண்டியிருக்கிறது. இரு கட்சியினரும் வாதிட மறந்தது இரதியைப் பற்றியே.

ஏந்துதல் என்பது என்ன என்பதற்கு அண்மைக் காலச் சான்றொன்று உண்டு. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஆம் ஆண்டு யூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த அவ்வழியைப் பற்றி நூல்கள் உண்டு, படங்களும் உண்டு, திரையில் ஒரு மணிநேரத்தில் அதனைப் பார்த்துவிடலாம். எனினும் அவர்கள் நடந்தனர். வழியில் இறந்தோரின் பெயர்களை எந்த ஏடும் முழுமையாக வைத்திருக்கவில்லை. பெயரற்ற அவர்களை நினைவதற்கு வெயிலில் நோகும் கால்களையே அவர்கள் ஏடாக்கினர்.

ஆகவே தோற்ற உலகை வெறுத்தலும் வேண்டா, வணங்கலும் வேண்டா. அது தன்னை மறைக்கிறதா, வந்தவரைப் பூட்டிவைக்கிறதா, திரும்பிச் செல்வோரை மனிதரிடத்தே சேர்க்கிறதா என்று கேட்டறிதலே அறிவுடைமை. கங்காணியின் சீமையும் பெயர் நீக்கிய ஏடும் இத்தேர்வில் தோற்றன. இரதியின் கூத்து தேறியது. இன்று ஒவ்வொரு லயத்து இஸ்தோப்பிலும் ஒளிரும் சிறு திரை தேறுமா, தோற்குமா என்பதைத் திரை தீர்மானிக்கப்போவதில்லை. அதனை அணைத்து வைத்தபின் அருகிலிருப்பவரின் இருமல் காதில் விழுகின்றதா என்பதே தீர்மானிக்கும்.

மன்மதன் எரிந்த மூன்றாம் நாள் மலையகத் தோட்டங்களில் அவனை எழுப்பும் சடங்கு நிகழும். எரிந்தவன் எழுந்தான் என்று கூட்டம் மகிழும். எழுந்தவரோ வேடத்தைக் கலைத்து, முகத்தைக் கழுவி, மறுநாட் பெரட்டுக்களத்திலே தம் பெயருக்காகக் காத்து நிற்பார். அந்தப் பெயர் முழுப்பேராக விழவேண்டும் என்று கேட்பதற்கும் கூத்துப் பார்த்த அதே கூட்டமே அவருக்குத் துணையாக நிற்கவேண்டும்.